வான்கோமைசின் டோஸ் அட்டையைப் பரிணாமத் தேடலால் ஆறு வரிக்குள் அடக்கிய வேலைக் குறிப்பு

சிறுநீரகத் திறனை வைத்து அட்டையின் வரிகளைப் பிரிக்கும் எல்லைகள் 24, 37, 55, 80, 105. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதையெண்ணை மாற்றி மாற்றி ஓட்டினாலும் தேடல் கடைசியில் இதே ஐந்து எண்களில்தான் வந்து நிற்கிறது. கையால் போட்ட கணக்கும் அதே இடத்தைக் காட்டுகிறது. அது நடந்த பிறகுதான் கருவியை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது. அதற்கு முன் நாலைந்து இடத்தில் வழி தவறியது. எது எங்கே தவறியது, என்ன மாற்றியதும் சரியானது என்பதை வரிசைப்படி எழுதி வைக்கிறேன். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு மடிக்கணினியில் செய்து பார்க்கலாம்.

எடுத்துக்கொண்ட மருந்து வான்கோமைசின். கடுமையான ஸ்டாஃபைலோகாக்கஸ் தொற்றுக்கு இரத்தக்குழாய் வழியே ஏற்றுவது. குறைந்தால் தொற்று அடங்காது, கூடினால் சிறுநீரகம் கெடும். மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், அதன் வேலைத்திறனைப் பார்த்துத்தான் டோஸ் போட வேண்டும். 2009-இல் வந்த வழிகாட்டி, அடுத்த டோஸுக்கு முந்தைய இரத்த அளவை லிட்டருக்கு 15 முதல் 20 மி.கி. வரை வைக்கச் சொன்னது. 2020-இல் நான்கு அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து அதை மாற்றி, 24 மணி நேர மொத்த வெளிப்பாட்டை, அதாவது ஏயூசியை, 400-க்கும் 600-க்கும் நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். கிருமியின் எம்.ஐ.சி. (அதன் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவு) 1 என்று வைத்துக்கொண்ட கணக்கு அது.

அந்த 400–600 வார்டில் ஒரு அட்டையாக ஒட்டப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அட்டையில் இருபது வரி இருந்தால் இரவுப் பணியில் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றே வரி என்றால் ஓரத்தில் விழும் நோயாளிகளுக்கு டோஸ் தப்பும். எத்தனை வரி, எங்கே வெட்டுவது, ஒவ்வொரு வரிக்கும் என்ன டோஸ், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதைத் தேடித்தரும் வேலையைத்தான் ஜெனடிக் அல்காரிதத்திடம் கொடுத்தது. பல விடைகளைப் போட்டியிட வைத்து, நல்லவற்றைக் கலந்தும் இடையிடையே திடீரென மாற்றியும் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் தேடல் முறை அது.

சாமான்கள்

8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி, பைத்தான் நிரல்மொழி, எண்கணக்குக்கு நம்பை (NumPy), பரிணாமத் தேடலுக்கு டீப் (DEAP). மென்பொருள் மூன்றும் இலவசம். கிராபிக்ஸ் அட்டை வேண்டாம். செலவு என்று சொன்னால் கடைசியில் அச்சடித்து லேமினேட் செய்ததுதான்.

சூத்திரங்கள் இரண்டு போதும். கிரியேட்டினின் கிளியரன்ஸுக்கு, அதாவது சிறுநீரகம் எவ்வளவு வேகமாக இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற அளவுக்கு, 1976-இன் காக்கிராஃப்ட்–கால்ட்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் சீரம் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். மருந்து வெளியேறும் வேகத்துக்கு 1984-இன் மாட்ஸ்கே சூத்திரம்: 0.689 பெருக்கல் கிளியரன்ஸ், கூட்டல் 3.66. விடை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வரும். 0.06-ஆல் பெருக்கினால் மணிக்கு லிட்டர். பரவல் கொள்ளளவு, அதாவது மருந்து உடம்பில் பரவும் இடத்தின் கணக்களவு, கிலோவுக்கு 0.7 லிட்டர். நாள் மொத்த டோஸை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் ஏயூசி.

ஒரே சிறுநீரகத் திறன் உள்ள இரண்டு பேர் கூட மருந்தை ஒரே மாதிரி வெளியேற்றுவதில்லை. அந்த விளக்க முடியாத ஏற்ற இறக்கத்தை இயல்மடக்கை அளவில் 0.3, சுமாராக 30 சதவீதம், என்று எடுத்துக்கொண்டது. இந்த ஒரு எண்தான் வேலை முழுவதையும் ஆள்கிறது.

உச்சவரம்பை முதலில் போட்டிருக்க வேண்டும்

தேடலை ஓடவிட்டதும் மதிப்பெண், அதாவது 400–600-க்குள் விழும் நோயாளிகளின் பங்கு, 48 சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. போட்டியிடும் அட்டைகளின் கூட்டத்தை 200-இலிருந்து 1,000 ஆக்கியும், திடீர்மாற்ற விகிதத்தை ஏற்றி இறக்கியும், தலைமுறைகளை இரட்டிப்பாக்கியும் ஒன்றும் அசையவில்லை. நிரலில் பிழை என்று தேடிய நாட்கள் வீண். பிழை நிரலில் இல்லை.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக மிகச் சரியான டோஸ் கொடுத்தாலும், ஏற்ற இறக்கம் 0.3 இருக்கும்வரை 400–600-க்குள் விழுபவர்கள் 50 சதவீதம்தான். ஏனென்றால் 600-ஐ 400-ஆல் வகுத்தால் 1.5. அதன் இயல்மடக்கை 0.405. நடுவிலிருந்து இரு பக்கமும் 0.203. அதை 0.3-ஆல் வகுத்தால் 0.68. இயல்புப் பரவலில் அந்த அகலத்துக்குள் அடங்குவது பாதி. மேலே கால்வாசி, கீழே கால்வாசி. ஏற்ற இறக்கம் 0.2 என்றால் உச்சவரம்பு 69 சதவீதம், 0.4 என்றால் 39.

ஆக, ஆறே வரியில் 48 என்பது கைக்கெட்டும் தூரத்தின் கடைசி. பேனாவும் காகிதமும் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எந்த மருந்துக்கு இதைச் செய்தாலும் முதல் வேலை இந்த உச்சவரம்பைப் போடுவதுதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைத்தது. குறிவைக்க வேண்டிய ஏயூசி 500 இல்லை. 400-ஐயும் 600-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 490. ஏற்ற இறக்கம் பெருக்கல் வழியில் வருவதால் நடுப்புள்ளியும் பெருக்கல் நடுவாகத்தான் இருக்க வேண்டும்.

குரோமோசோமை அமைத்தது

ஒரு அட்டைதான் ஒரு உயிர். அதில் 17 மரபணுக்கள்: 5 எல்லைகள், 6 டோஸ்கள், 6 இடைவெளிகள். கிளியரன்ஸ் 20 முதல் 130 வரை. டோஸ் 250 முதல் 1,500 மி.கி. வரை, 250 படியாக. இடைவெளி 8, 12, 24 மணி. எல்லைகளுக்கு மட்டும் 12 கோடி விதம், டோஸ்–இடைவெளிச் சேர்க்கைக்கு 3.4 கோடி விதம். ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது.

கூட்டம் 200, தலைமுறை 150, மும்மூன்று அட்டைகளில் சிறந்ததை எடுக்கும் போட்டித் தேர்வு, கலப்பு 0.8, மரபணு ஒன்றுக்குத் திடீர்மாற்றம் 0.06, ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் இரண்டு அட்டைகள் அப்படியே அடுத்த தலைமுறைக்கு. இந்த எண்களில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு மடங்கு கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது விடை மாறவில்லை.

முதல் முயற்சியில் டோஸை 1 மி.கி. படியாக விட்டிருந்தது. 1,137 மி.கி., 1,363 மி.கி. என்று வந்தது. குப்பியில் வருவது 500 மி.கி., 1 கிராம். 500 குப்பியில் 10 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டுக் கரைத்தால் மி.லி.க்கு 50 மி.கி.; 250 மி.கி. என்றால் 5 மி.லி., 750 என்றால் 15 மி.லி. சிரிஞ்சில் இழுக்கும் கைக்கு இவைதான் டோஸ். 1,137-ஐ இழுக்கச் சொன்னால் தவறு வரும். படியை 250 ஆக்கியதில் இழந்தது ஒன்றும் பெரிதில்லை.

அடுத்தது, கலப்பு முடிந்ததும் எல்லைகள் முன்னும் பின்னுமாகக் குழம்பின. 80-க்குப் பிறகு 37. அப்படி வந்த அட்டையில் சில வரிகளுக்கு நோயாளியே விழாமல் செத்த வரிகளாகக் கிடந்தன. செத்த வரிக்குத் தண்டனை இல்லாததால் அவை தலைமுறை தலைமுறையாகத் தங்கின. தண்டனை மதிப்பெண் வைத்துப் பார்த்ததில் தேடல் மெதுவானது. கலப்புக்கும் திடீர்மாற்றத்துக்கும் பிறகு எல்லைகளை ஏறுவரிசையில் அடுக்கிவிடும் ஒரே வரி நிரல் போதுமானதாக இருந்தது. நாள் மொத்த டோஸ் மேல் வரியில் குறையக் கூடாது என்ற விதியையும் அங்கேயே வைத்தது.

விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

மெய்யான வேலைக்குப் போகுமுன், கையால் தீர்க்கக்கூடிய ஒன்றைக் கருவிக்குக் கொடுத்துச் சோதித்தது. கிளியரன்ஸ் 20 முதல் 130 வரை ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு புள்ளி, மொத்தம் 111. ஒவ்வொரு புள்ளியிலும் 400–600-க்குள் விழும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிட்டு, சராசரி எடுத்தது. போலி நோயாளிகளைக் குலுக்கி எடுக்கவில்லை. அதனால் இரைச்சல் இல்லை.

கைக்கணக்கு எளிது. அடுத்தடுத்த இரண்டு நாள் டோஸ்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 490-ஆல் வகுத்தால், இரண்டும் சமமாக நிற்கும் வெளியேற்ற வேகம் வரும். 1,000-க்கும் 1,500-க்கும் நடுவே அது மணிக்கு 2.5 லிட்டர். மாட்ஸ்கேயைத் திருப்பிப் போட்டால் கிளியரன்ஸ் 55.

அல்காரிதம் கொடுத்த அட்டை:

20–24: நாளுக்கு 500 மி.கி.
25–37: 750
38–55: 1,000
56–80: 1,500
81–105: 2,000
106–130: 2,500

வரிகளின் அகலத்தைப் பாருங்கள்: 5, 13, 18, 25, 25, 25. கிளியரன்ஸ் குறைந்த கீழ்ப் பக்கம் குறுகி, கூடிய மேல் பக்கம் அகன்று. பல அட்டைகளில் வரிகளைச் சம அகலமாக வெட்டும் வழக்கம் உண்டு. 20 முதல் 38 வரை ஒரே வரியாக வைத்து 750 கொடுத்தால், 20-இல் இருக்கும் நோயாளி இலக்குக்குள் விழும் வாய்ப்பு 25 சதவீதம்தான். அவருக்கு 500 கொடுத்திருந்தால் 50. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்கள் இருக்கும் இடத்தில்தான் அட்டை கவனமாக வெட்டப்பட வேண்டும். சம அகல அட்டை அங்கேயே கைவிடுகிறது.

ஏழாவது வரியாக 1,250 சேர்த்தால்? சராசரியில் அரைப் புள்ளி ஏறும். அதற்காக ஒரு வரி கூட்டுவது வேண்டாத வேலை.

இடைவெளி ஏன் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது

மேலே உள்ள அட்டையில் நாள் மொத்தம் மட்டுமே எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லைகளும் மொத்தமும் அசையாமல் நின்றன. இடைவெளி மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறாக வந்தது. ஒருமுறை 1,000 மி.கி. 24 மணிக்கு ஒன்று, இன்னொருமுறை 500 மி.கி. 12 மணிக்கு ஒன்று. ஏயூசியை மட்டும் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மதிப்பெண் பார்க்காத மரபணு காற்றில் ஆடும்.

60 கிலோ, கிளியரன்ஸ் 100 உள்ள ஒருவரை எடுப்போம். கொள்ளளவு 42 லிட்டர், வெளியேற்றம் மணிக்கு 4.35 லிட்டர். நாளுக்கு 2,000 மி.கி. 1,000 மி.கி. வீதம் 12 மணிக்கு ஒருமுறை கொடுத்தால், மருந்து ஒரே நொடியில் ஏறியதாகக் கொண்ட எளிய கணக்கில், உச்சம் 33, அடுத்த டோஸுக்கு முன் 9.6. 24 மணிக்கு ஒருமுறை 2,000-ஆக, 1,500 என்ற மேல்வரம்பையும் மீறிக் கொடுத்தால் உச்சம் 52, கடைசியில் 4.3. ஏயூசி இரண்டிலும் 459. ஏயூசி ஒன்றாக இருந்தும் நோயாளியின் நாள் இரண்டு விதமாகப் போகிறது.

அதனால் அடுத்த டோஸுக்கு முந்தைய அளவு 10-க்குக் கீழே போகப் போகத் தண்டனை கூடும்படி ஒரு உறுப்பு சேர்த்தது. வெட்டுப்போல 10-இல் நிறுத்தினால் 9.6-உம் 4.3-உம் ஒரே தண்டனை பெறும், தேடலுக்குத் திசை தெரியாது. மெல்லச் சரிவாக வைத்ததும் இடைவெளி நின்றது. மேல் வரிகளில் 12 மணி, கீழ் இரண்டு வரிகளில் 24 மணி.

இந்தக் கட்டத்தில்தான் நேரமும் போனது. 48 மணி நேரத்தை 10 நிமிடப் படிகளாக, நோயாளி நோயாளியாக ஓட்டும் நிரல் முதலில் எழுதப்பட்டது. 200 அட்டை, 150 தலைமுறை, 2,000 நோயாளி என்றால் 6 கோடி. ஒவ்வொன்றுக்கும் 288 படி. 1,728 கோடிப் படிகள். இரவு முழுக்க ஓட வேண்டியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மின்கலம் தீர்ந்து பாதியில் போனதும் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு திருத்தம்: ஒவ்வொரு பத்துத் தலைமுறைக்கும் கூட்டத்தைக் கோப்பில் சேமிப்பது; நேரப் படிகளை விட்டு, நிலைபெற்ற பின் வரும் அளவைச் சூத்திரத்தால் நேராக எடுப்பது. நம்பையில் 2,000 நோயாளிகளையும் ஒரே வரிசையாகப் போட்டபின் ஒரு ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

போலி நோயாளிகள்

குலுக்கி எடுத்த நோயாளிகளோடு வேலை செய்யும்போது இரண்டு பொறி. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக 2,000 பேரைக் குலுக்கினால், அதிர்ஷ்டத்தால் மேலே வந்த அட்டை தங்கிவிடும். 50 சதவீதம் சுற்றிய மதிப்பெண்ணுக்கு 2,000 பேரில் குலுக்கலால் மட்டும் வரும் திட்டப்பிழை 1.1 புள்ளி. ஆனால் வரிக்கு வரி நாம் தேடும் வேறுபாடே அரைப் புள்ளிதான். மாறாக ஒரே 2,000 பேரையே கடைசிவரை வைத்தால், எல்லைகள் அந்த ஆட்களுக்கென்று தைத்த சட்டை ஆகிவிடும். தேடும்போது ஒரே கூட்டம், முடிந்ததும் தொடாத புதிய 10,000 பேரிடம் சோதனை என்று வைத்தது. சோதனையில் மதிப்பெண் ஒரு புள்ளிக்கு மேல் விழுந்தால் அந்த அட்டையைத் தள்ளிவிடலாம்.

யாரைக் குலுக்குவது என்பது அதைவிடப் பெரியது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் பெரிய வீடுகளில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்களே தங்கியிருக்கிறார்கள். வார்டுக்கு வருபவர்களிலும் அறுபதைக் கடந்த, ஐம்பது கிலோ சுற்றிய உடம்புகள் நிறைய. மாதிரிக் கூட்டத்தை நடுவயது, 70–80 கிலோ என்று வைத்தால் கீழ் வரிகளில் ஆளே இருக்க மாட்டார்கள். 24, 37 என்ற எல்லைகள் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆடும். அதற்காக எண்ணிக்கையில் மட்டும் முதியோரைக் கூட்டினால் மேல் வரிகள் ஆடும். கிளியரன்ஸைப் பத்துப் பத்தாக 11 அடுக்காகப் பிரித்து, அடுக்குக்குச் சம எண்ணிக்கை எடுத்ததில் இரண்டும் நின்றன.

அலகுப் பிழை ஒன்று. நம் ஊர் ஆய்வகம் கிரியேட்டினினை டெசிலிட்டருக்கு மி.கி. என்று தருகிறது. வெளியூர்த் தரவுகள் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று இருக்கும், 1 மி.கி. என்பது 88.4. மாற்றாமல் விட்டால் எல்லாருடைய கிளியரன்ஸும் 1 சுற்றி வரும். அல்காரிதம் ஒரு எச்சரிக்கையும் சொல்லாது. எல்லாருக்கும் மிகக் குறைந்த டோஸைப் போட்டுவிட்டு நிற்கும். உள்ளே போகும் ஒவ்வொரு பத்தியின் மிகச்சிறு, மிகப்பெரு மதிப்பையும் அச்சிட்டுப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

எந்தத் தவறு பெரிது

இதுவரை 390-உம் 100-உம் ஒரே தவறு, 610-உம் 1,200-உம் ஒரே தவறு. கூடுவதும் குறைவதும் சமம். மருத்துவத்தில் அப்படி இல்லை. 600-ஐத் தாண்டும் தவறுக்குத் தண்டனையின் எடையை (உடல் எடை அல்ல) கூட்டிப் பார்த்தது. நகரத்தார் கணக்கில் ஐந்தொகை போடுவதுபோல, ஒரு பக்கம் குறைத்தது மறு பக்கம் எங்கே ஏறுகிறது என்று காட்டாமல் ஏட்டை மூடக் கூடாது என்பதற்காக மூன்று எண்களையும் சேர்த்தே எழுதியது.

எடை 1: குறி 490. இலக்குக்குள் 50 சதவீதம், மேலே 25, கீழே 25.
எடை 1.5: குறி 448. உள்ளே 48, மேலே 16.5, கீழே 35.
எடை 2: குறி 420. உள்ளே 45, மேலே 12, கீழே 43.

எடை 1.5-இல் உள்ளே விழுபவர்களில் இழப்பது இரண்டு புள்ளிதான். சிறுநீரகத்துக்கு ஆபத்தான பக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் மருந்து குறைவாகப் போகிறவர்கள் பத்துப் புள்ளி கூடுகிறார்கள். இரத்தத்தில் தொற்றுள்ளவருக்கு முதல் இரண்டு நாளில் மருந்து குறைந்தால் பின்னால் ஈடுகட்டுவது கடினம். எந்த எடை என்பதை நிரல் எழுதுபவர் தீர்மானிக்கவே கூடாது. வார்டின் மருத்துவரும் மருந்தாளுநரும் இந்த மூன்று வரியையும் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். முதல் டோஸைத் தனியாக, தாராளமாகப் போடுவதால் தொடர் டோஸுக்கு 1.5 என்று வைத்து மேலே போனது.

டோஸ்களை அப்படியே பிடித்துவைத்து எல்லைகளை மட்டும் மறுபடி தேடவிட்டபோது எல்லாம் மேலே ஏறின: 28, 41, 61, 88, 115. படிக்க எளிதாக 30, 40, 60, 90, 115 என்று ஐந்தின் மடங்குகளுக்கு நகர்த்தியது. முழுமையாக்குவதில் என்ன இழப்பு என்பதை முதல் அட்டையில் சோதித்திருந்தது. அங்கே 37-ஐ 35 ஆக்கியதில் சராசரி இழப்பு 0.05 புள்ளி. கண்ணுக்கு எளிதான எண் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது 41-ஐயும் 61-ஐயும் அட்டையில் ஏற்றுவதில் பொருளில்லை.

முதல் டோஸ் கிலோவுக்கு 25 மி.கி. அதற்கும் அதே வர்க்கமூல விதி. 45 கிலோவுக்குக் கீழ் 1,000 மி.கி.; 55 வரை 1,250; 65 வரை 1,500; 75 வரை 1,750; அதற்கு மேல் 2,000. எல்லைகள் தாமாகவே ஐந்தில் முடிந்தன. ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது, 1,500 மி.கி. என்றால் இரண்டரை மணி நேரம். கரைசல் மி.லி.க்கு 5 மி.கி.க்கு மேல் கெட்டியாக இருக்கக் கூடாது. 500-க்கு 100 மி.லி., 1 கிராமுக்கு 200 மி.லி. குறையாமல். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். அட்டையில் டோஸுக்குப் பக்கத்திலேயே டிரிப் நேரத்தையும் எழுதியது இதற்காகத்தான்.

குப்பியும் கடிகாரமும்

750 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை என்பது 500 மி.கி. குப்பி ஒன்றரை. மிச்சத்தைக் கொட்டினால் நாளுக்கு 4 குப்பி, வாரத்துக்கு 28. அதே 1,500-ஐ 500 மி.கி. வீதம் 8 மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 3, வாரத்துக்கு 21, மிச்சமே இல்லை. கொட்டும் மருந்துக்குத் தண்டனை வைத்த உடனே அல்காரிதம் 8 மணிக்குத் தாவியது.

காகிதத்தில் நல்ல விடை. வார்டில் 8 மணி என்றால் காலை 6, பகல் 2, இரவு 10. மூன்று முறை கானுலா தொட வேண்டும், மூன்று டிரிப், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். இரவு 10 மணி டோஸ் தள்ளிப்போவதற்கான வாய்ப்பு மற்ற இரண்டைவிட அதிகம். ஒவ்வொரு தடவை ஏற்றுவதற்கும் ஒரு சிறு தண்டனை சேர்த்ததும் மறுபடி 12-க்கு வந்தது. இரண்டு தண்டனைகளின் விகிதத்தை மாற்ற மாற்ற விடை 8-க்கும் 12-க்கும் நடுவே தாவுகிறது; நடுநிலை ஒன்று இல்லை. குப்பியின் விலையை நோயாளி வீட்டார் கொடுக்கும் இடத்தில் 8-உம், செவிலியர் குறைவாக இருக்கும் இடத்தில் 12-உம் நியாயம். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிப் பார்த்ததுதான் இங்கே செய்த தவறு. இரண்டு அட்டைகளையும் பக்கம் பக்கமாக வைத்து வார்டிடம் கேட்டதில் ஒரே நாளில் முடிவு வந்தது: 12 மணி, காலை 6, மாலை 6.

அட்டை கைக்கு வந்தபின் தெரிந்தது

70 வயது, 50 கிலோ ஆண். கிரியேட்டினின் 0.8 என்றால் கிளியரன்ஸ் 61, 0.9 என்றால் 54. எல்லை 60-இல் இருக்கிறது. ஆய்வகத்தின் 0.1 வேறுபாட்டில் நாள் டோஸ் 1,500-இலிருந்து 1,000-க்கு இறங்குகிறது. இன்று 0.8, நாளை 0.9, மறுநாள் 0.8 என்று வந்தால் டோஸும் ஏறி இறங்கும். நோயாளியிடம் மாறியது ஒன்றுமில்லை.

அதே ஆளுக்கு 0.6 வந்தால் கிளியரன்ஸ் 81. சதை வற்றிய முதியவருக்குக் கிரியேட்டினின் குறைவாக வருவது சிறுநீரகம் நன்றாக இருப்பதால் அல்ல, சதை இல்லாததால். அட்டை அதை நம்பி 1,500-ஐப் போடும். இந்தப் பிழையை எல்லைகளை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் அட்டையின் தலைப்பிலேயே எழுதியது: படுத்த படுக்கையானவர், மெலிந்தவர், கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறுகிறவர், டயாலிசிஸ் செய்பவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு இந்த அட்டை இல்லை. கிளியரன்ஸ் 20-க்குக் கீழும் 130-க்கு மேலும் இல்லை. எல்லைக்கு இருபுறமும் ஐந்துக்குள் இருப்பவருக்கு, ஏற்கெனவே ஓடும் டோஸை ஒரு நாள் மதிப்பை வைத்து மாற்ற வேண்டாம் என்றும் ஒரு வரி. அதற்கு இடம் விட ஏ4 தாளில் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது, தகும்.

இன்னொன்றையும் பெரிய எழுத்தில் போட்டது: இரண்டாம் நாள் இரத்த அளவு எடுக்கவும். ஒரே ஒரு அளவு கிடைத்தாலும் அந்த நோயாளியைப் பற்றித் தெரியாதது குறையும். ஏற்ற இறக்கம் 0.3-இலிருந்து 0.2-க்கு வந்தால் உச்சவரம்பு 50-இலிருந்து 69-க்கு ஏறுகிறது. ஆயிரம் தலைமுறை ஓட்டினாலும் அட்டையால் தர முடியாத 19 புள்ளி அது. அளவு எடுக்க வசதியில்லாத இடத்துக்குத்தான் நல்ல அட்டை அதிகம் தேவை. ஆனால் அட்டை நன்றாக இருப்பதைக் காரணம் காட்டி அளவு எடுப்பதை நிறுத்தினால், நோயாளிக்குக் கொடுத்ததைவிடப் பறித்தது அதிகமாகிவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது

கிரியேட்டினினில் வரும் ஆய்வக இரைச்சலை முதல் நாளிலேயே போலி நோயாளிக்குள் வைக்க வேண்டும். இப்போது அது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. உச்சவரம்பு, கைக்கணக்கு, பிறகு அல்காரிதம் என்ற வரிசையைப் புரட்டக் கூடாது. இந்த ஒற்றைப் பரிமாண அட்டைக்கு உண்மையில் கைக்கணக்கே போதும்; எடையும் கிளியரன்ஸும் சேர்ந்த இரட்டைப் பரிமாண அட்டையில்தான் பரிணாமத் தேடலின் உழைப்புக்குப் பலன் தெரியும். மாட்ஸ்கே சூத்திரம் நம் ஊர் உடம்புகளை அளந்து எழுதப்பட்டதல்ல. வார்டில் எடுக்கப்படும் இரத்த அளவுகளைப் பெயரில்லாமல், நெறிக்குழு ஒப்புதலோடு சேர்த்துவந்தால், 0.689-க்கும் 3.66-க்கும் பதிலாக இங்கத்திய எண்களைப் போடலாம். அதற்கான பதிவேட்டில் வயது, பாலினம், கிரியேட்டினின், டோஸ், இரத்த அளவு ஆகியவற்றோடு இந்த ஐந்து பத்திகளும் வேண்டும்: எடை, கிரியேட்டினின் எடுத்த நேரம், டோஸ் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம். கடைசி மூன்றையும் கடிகாரம் பார்த்து நிமிடம் வரை எழுத வேண்டும். "மாலை டோஸ்" என்று எழுதியிருந்தால் அந்த வரியால் பயனில்லை.